கப்பலைத் தேடி வரும் கேஸ் பங்க்

வாஷியில் இரவு எட்டு மணி. சி.என்.ஜி. பங்கில் ஆட்டோக்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு ஆட்டோவின் முறை வந்தது.

"எல்லாரும் கீழே இறங்குங்க" என்றார் ஆட்டோக்காரர்.

பின்னால் இருந்தவர்கள் வேறு யாரும் அல்ல. அவருடைய மனைவியும் மச்சினனும்தான். மனைவி வாஷி மார்க்கெட்டில் வெங்காயம் தரம் பிரிக்கும் வேலை செய்கிறார். இரவு வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். அவருடைய தம்பி கப்பலில் வேலை செய்கிறான். விடுமுறைக்குத் தாராவியில் உள்ள அம்மா வீட்டுக்கு வந்தவன், அக்காவைப் பார்க்க வாஷிக்கு வந்திருக்கிறான்.

மூன்று பேரும் இறங்கித் தள்ளி நின்றார்கள். கேஸ் நிரப்பும்போது வண்டியில் யாரும் உட்காரக் கூடாது. அது பங்கின் விதி.

"எங்க கப்பல்லயும் இதே மாதிரிதான் அத்தான்" என்றான் தம்பி. "ஆனா நாங்க பங்குக்குப் போறதில்லை. பங்க் எங்களைத் தேடி வரும்."

அக்கா சிரித்தார். "சும்மா கதை விடாதேடா."

தம்பி சொன்னது கதை அல்ல.

பங்கர் என்றால் என்ன?

பெரிய சரக்குக் கப்பலின் நீளம் 400 மீட்டர் வரை இருக்கும். அதை நினைத்த இடத்தில் திருப்ப முடியாது. துறைமுகத்தில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பணம் செலவாகும். அதனால் கப்பல் நிற்கும் இடத்துக்கே ஒரு சிறிய கப்பல் எரிபொருளைக் கொண்டு வருகிறது. பக்கத்தில் வந்து ஒட்டி நிற்கும். குழாய் வழியாக நிரப்பும். பிறகு போய்விடும்.

இந்த வேலைக்குக் கப்பல்காரர்கள் 'பங்கர்' என்று சொல்வார்கள். முன்பு கப்பல்கள் நிலக்கரியில் ஓடின. கப்பலில் நிலக்கரி கொட்டி வைக்கும் அறைக்குப் பங்கர் என்று பெயர். இப்போது நிலக்கரி போய்விட்டது. எண்ணெய் வந்துவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை.

இதுவரை பங்கர் கப்பல்கள் பெரும்பாலும் கெட்டியான கறுப்பு எண்ணெயைத்தான் கொடுத்து வந்தன. அது தார் போல இருக்கும். அதில் கந்தகம் அதிகம். எரியும்போது வரும் புகை நெஞ்சைக் கெடுக்கும். துறைமுகத்தை ஒட்டி வாழும் ஏழை மக்கள்தான் அந்தப் புகையை முதலில் சுவாசிக்கிறார்கள்.

2020 ஜனவரி 1 முதல் உலகம் முழுவதும் ஒரு விதி வந்தது. கப்பல் எண்ணெயில் கந்தகம் 0.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு முன்பு 3.5 சதவீதம் வரை இருக்கலாம். சர்வதேச கடல்சார் அமைப்பு போட்ட விதி இது. இதற்குப் பிறகு பல கம்பெனிகள் இயற்கை வாயுவில் ஓடும் கப்பல்களைக் கட்டின. இயற்கை வாயுவில் கந்தகம் மிக மிகக் குறைவு. கரியும் குறைவு.

ஆட்டோவில் வாயு, கப்பலில் திரவம்

ஆட்டோவில் நிரப்புவதும் இயற்கை வாயுதான். அதை அழுத்தி அடைக்கிறார்கள். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தம். அதனால்தான் சிலிண்டர் அவ்வளவு கனமாக இருக்கிறது.

கப்பல் பல வாரங்கள் கடலில் ஓட வேண்டும். அழுத்தி அடைத்த வாயு அதற்குப் போதாது. எனவே வேறு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வாயுவைக் குளிர வைப்பது.

எவ்வளவு குளிர்? தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் உறைகிறது. இயற்கை வாயுவைப் பூஜ்யத்துக்குக் கீழே 162 டிகிரி வரை குளிர வைக்க வேண்டும். அப்போது அது தண்ணீர் போன்ற திரவம் ஆகிவிடும். 600 லிட்டர் வாயு சுருங்கி ஒரே ஒரு லிட்டர் திரவம் ஆகும். இதற்குத்தான் எல்.என்.ஜி. என்று பெயர்.

நம் நாட்டுக்கு வேண்டிய இயற்கை வாயுவில் ஏறத்தாழ பாதி இப்படித்தான் கப்பலில் வருகிறது. குஜராத்தில் தாஹேஜ், மகாராஷ்டிரத்தில் தாபோல், கேரளத்தில் கொச்சி, தமிழ்நாட்டில் எண்ணூர் ஆகிய இடங்களில் அதை இறக்குகிறார்கள். அங்கே மீண்டும் வாயுவாக மாற்றிக் குழாயில் அனுப்புகிறார்கள்.

அக்காவின் பயம்

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். அப்போதுதான் தம்பி விஷயத்தைச் சொன்னான். அவனுக்குப் புதிய வேலை வந்திருக்கிறது. சிங்கப்பூரில், எல்.என்.ஜி. நிரப்பும் கப்பல் ஒன்றில்.

அக்காவின் முகம் மாறியது. போன வருடம் அவர்கள் சந்தில் ஒரு வீட்டில் கேஸ் சிலிண்டர் தீப்பிடித்தது. அந்த வீட்டுப் பெண்ணின் இரண்டு கைகளும் வெந்து போயின.

"ஒரு சிலிண்டருக்கே அப்படி. நீ ஒரு கப்பல் நிறைய கேஸை வைத்துக்கொண்டு தூங்கப் போகிறாயா? வேண்டாம்டா தம்பி."

"அக்கா, நீ கேட்பது நியாயம். எப்படி நிரப்புகிறார்கள் என்று சொல்கிறேன். கேட்டுவிட்டுப் பிறகு சொல்" என்றான் தம்பி.

எப்படி நிரப்புகிறார்கள்?

அக்கா வீட்டில் பெரிய பிளாஸ்க் ஒன்று இருக்கிறது. மார்க்கெட்டுக்கு டீ கொண்டு போவதற்கு. எல்.என்.ஜி. தொட்டியும் அது போலத்தான். பிளாஸ்கில் சூடு வெளியே போகாது. இந்தத் தொட்டியில் வெளிச்சூடு உள்ளே போகாது. ஆனாலும் கொஞ்சம் சூடு நுழைந்துவிடும். உள்ளே உள்ள திரவம் சிறிது சிறிதாகக் கொதித்து வாயு ஆகும். அந்த வாயுவை வீணாக்காமல் கப்பலின் சொந்த எஞ்சினில் எரிப்பார்கள். அல்லது மீண்டும் குளிர வைத்துத் திரவமாக்குவார்கள்.

நிரப்பும் கப்பல் பெரிய கப்பலின் பக்கத்தில் வரும். நடுவில் பெரிய ரப்பர் உருளைகள் மிதக்கும். இரண்டு கப்பலும் உரசாமல் இருப்பதற்காக. கயிறுகளைப் போட்டு இறுக்கிக் கட்டுவார்கள். பிறகு குழாய்களை இணைப்பார்கள்.

குழாய் ஒன்று அல்ல. பெரும்பாலும் இரண்டு. எதற்காக? வாய் குறுகிய குடத்தில் வேகமாகத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். 'குளுக் குளுக்' என்று சத்தம் வரும். உள்ளே இருக்கும் காற்று வெளியே வர வழி தேடுகிறது. தொட்டியிலும் அப்படித்தான். ஒரு குழாயில் திரவம் போகும். அங்கே ஏற்கெனவே இருக்கும் வாயு இன்னொரு குழாயில் திரும்பி வரும். எதுவும் வெளியே போகக் கூடாது.

உடனே திரவத்தைத் திறந்து விட மாட்டார்கள். முதலில் குழாய்க்குள் நைட்ரஜன் என்ற வாயுவைச் செலுத்துவார்கள். நைட்ரஜன் எரியாது. அது உள்ளே இருக்கும் காற்றைத் துரத்திவிடும். காற்று இல்லாவிட்டால் தீ இல்லை. பிறகு கசிவு இருக்கிறதா என்று சோதிப்பார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரவத்தை விட்டுக் குழாயைக் குளிர வைப்பார்கள். குழாய் நன்றாகக் குளிர்ந்த பிறகுதான் முழு வேகம். வேலை முடிந்ததும் மீண்டும் நைட்ரஜன்.

ஒரு கப்பலில் ஆபத்துப் பொத்தானை அழுத்தினால் இரண்டு கப்பலிலும் வால்வுகள் மூடிக்கொள்ளும். அலையில் கப்பல்கள் விலகிப் போனால்? குழாய் கிழியாது. அதற்கென்று வைத்த இணைப்பு தானாகக் கழன்றுகொள்ளும். இரு முனையும் உடனே அடைபடும்.

"அப்படியும் நாலு சொட்டு கீழே விழுந்தால்?" என்று கேட்டார் ஆட்டோக்காரர்.

நல்ல கேள்வி. இங்கே எதிரி தீ மட்டும் அல்ல. குளிரும் எதிரிதான்.

கடலை மிட்டாய் செய்யும்போது பார்த்திருப்பீர்கள். வெல்லப்பாகு சூடாக இருக்கும்போது வளையும். ஆறிய பிறகு பட்டென்று உடையும். சாதாரண இரும்புக்கும் இந்தக் குளிரில் அதே கதிதான். எல்.என்.ஜி. பட்டால் கப்பலின் இரும்புத் தகடு விரிசல் விட்டு உடையலாம். எனவே குழாய்க்குக் கீழே எவர்சில்வர் தட்டு வைக்கிறார்கள். கப்பலின் பக்கவாட்டில் தண்ணீரைத் திரை போல ஓட விடுகிறார்கள். சிந்தினாலும் தண்ணீரில்தான் விழும். உடனே கொதித்து, வெள்ளை மூட்டமாகக் கிளம்பி, பிறகு மேலே போய்விடும். கையில் பட்டால் தீக்காயம் போலவே புண் ஆகும். அதனால் கையுறையும் முகமூடியும் கட்டாயம்.

1944-இல் நடந்தது

மும்பைக்காரர்களுக்கு 1944 ஏப்ரல் 14 தெரியும். துறைமுகத்தில் நின்ற 'போர்ட் ஸ்டிகைன்' என்ற கப்பல் வெடித்தது. அதில் வெடிமருந்தையும் பஞ்சையும் சேர்த்து ஏற்றி இருந்தார்கள். நூற்றுக்கணக்கான பேர் இறந்தார்கள். நாடு முழுவதும் அந்த நாளைத் தீயணைப்புத் துறை இன்றும் நினைவுகூர்கிறது.

அதே வருடம் அக்டோபர் 20-ஆம் தேதி அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் இன்னொரு விபத்து. அது கப்பல் அல்ல. தரையில் கட்டிய எல்.என்.ஜி. தொட்டி. குளிரைத் தாங்காத உலோகத்தில் அதைக் கட்டி இருந்தார்கள். தொட்டி உடைந்தது. திரவம் தெருவிலும் சாக்கடையிலும் ஓடித் தீப்பிடித்தது. ஏறத்தாழ 130 பேர் இறந்தார்கள். எந்த உலோகம் இந்தக் குளிரைத் தாங்கும் என்ற பாடத்தை உலகம் அந்த விலை கொடுத்துத்தான் கற்றது. இப்போது நிக்கல் அதிகம் சேர்த்த எஃகு போன்ற உலோகங்களைத்தான் தொட்டிக்குப் பயன்படுத்துகிறார்கள்.

இன்னொரு விஷயமும் தெரிய வேண்டும். இது நம் வீட்டுக்கும் உதவும். சிலிண்டரில் வரும் சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையில் தேங்கி நிற்கும். இயற்கை வாயு அப்படி இல்லை. சூடு ஏறியதும் காற்றைவிட லேசாகி மேலே போகும். காற்றில் அது 5 முதல் 15 சதவீதம் வரை கலந்தால்தான் தீப்பிடிக்கும். ஆனால் இயற்கை வாயுவுக்கு மணம் கிடையாது. வீட்டுக் குழாயில் வரும் வாயுவில் மணத்தைச் சேர்த்து அனுப்புகிறார்கள். கப்பலில் உள்ள எல்.என்.ஜி.யில் மணம் இல்லை. மூக்கை நம்ப முடியாது. கருவியைத்தான் நம்ப வேண்டும்.

எங்கே எல்லாம் இருக்கிறது?

நார்வே நாட்டில் 2000-ஆம் ஆண்டில் 'குளுட்ரா' என்ற பயணிகள் படகு எல்.என்.ஜி.யில் ஓடத் தொடங்கியது. அதற்கு லாரியில் வந்து நிரப்பினால் போதும். பெரிய கப்பலுக்கு லாரி போதாது. 2013-இல் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் 'சீகேஸ்' என்ற சிறிய கப்பல் வேலைக்கு வந்தது. அது கார் ஏற்றும் பழைய படகு. அதை மாற்றி அமைத்திருந்தார்கள். 'வைகிங் கிரேஸ்' என்ற பயணிகள் கப்பலுக்கு அது எல்.என்.ஜி. நிரப்பியது.

ஏழே வருடத்தில் அளவு எங்கேயோ போய்விட்டது. 2020 நவம்பரில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்தில் 'கேஸ் அஜிலிட்டி' என்ற கப்பல் ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் கன்டெய்னர் கப்பலுக்கு ஏறத்தாழ 17,300 கன மீட்டர் எல்.என்.ஜி. நிரப்பியது. ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். ஒரு பக்கம் பெட்டிகளை ஏற்றி இறக்கினார்கள். மறுபக்கம் எரிபொருள் நிரப்பினார்கள்.

கப்பல்களுக்கு எரிபொருள் விற்பதில் உலகிலேயே முதல் இடம் சிங்கப்பூருக்கு. அங்கே 2021-இல் 'பியூலெங் பெலினா' என்ற கப்பல் வந்தது. சிங்கப்பூரின் முதல் எல்.என்.ஜி. நிரப்பும் கப்பல் அதுதான். 7,500 கன மீட்டர் கொள்ளும். அதாவது 75 லட்சம் லிட்டர். 10,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஏற்றினால் 750 லாரிகள் வேண்டும்.

"அப்போ புகையே இல்லையா? காற்று சுத்தமாகிடுமா?" என்றார் அக்கா.

அதை அப்படியே சொல்லிவிட முடியாது. எரியும்போது கரியமில வாயு எண்ணெயைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைகிறது. ஆனால் இயற்கை வாயுவில் பெரும் பகுதி மீத்தேன். எஞ்சினில் எரியாமல் கொஞ்சம் மீத்தேன் தப்பி வெளியே போகிறது. 20 வருடக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் பூமியைச் சூடாக்குவது கரியமில வாயுவைப் போல 80 மடங்குக்கும் அதிகம். துறைமுகத்துக் குழந்தையின் நெஞ்சுக்கு இது நல்லது. பூமியின் சூட்டுக்கு நல்லதா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

கடிதத்தில் உள்ள எண்

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார். "உனக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுத்தார்களா?"

கொடுத்தார்கள். வாயு ஏற்றும் கப்பலில் வேலை செய்யத் தனிப் பயிற்சி வேண்டும். சான்றிதழ் இல்லாமல் ஏற்ற மாட்டார்கள். தம்பியிடம் சான்றிதழ் இருந்தது.

"ஏஜெண்டுக்கு எவ்வளவு கொடுத்தாய் மாப்பிள்ளை?" என்றார் ஆட்டோக்காரர்.

"ஒரு பைசா இல்லை அத்தான். முதலில் ஒருவன் மூன்று லட்சம் கேட்டான். திரும்பி வந்துவிட்டேன்."

வேலை வாங்கித் தருவதற்கு மாலுமியிடம் ஏஜெண்ட் பணம் வாங்கக் கூடாது. அது சட்டம். ஏஜெண்ட் அரசின் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். லைசென்ஸ் உள்ளவர்களின் பட்டியலை மும்பையில் உள்ள கப்பல் துறைத் தலைமை இயக்குநரகம் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

தம்பி கடிதத்தை எடுத்தான். ஆங்கிலத்தில் இருந்தது. அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. எண்கள் தெரியும்.

"லைசென்ஸ் நம்பர் எங்கே இருக்கு? காட்டு."

தம்பி காட்டினான். பிறகு போனில் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு எண்ணாகச் சொன்னான். அக்கா கடிதத்தில் விரலை வைத்துச் சரிபார்த்தார். கடைசி எண் வரை பொருந்தியது. ஆனாலும் மடித்துக் கொடுக்கவில்லை. "இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

சொல்லுங்கள் பார்க்கலாம்

ஆட்டோவில் நிரப்பும் வாயுவுக்கும் எல்.என்.ஜி.க்கும் என்ன வேறுபாடு?

குழாயில் முதலில் நைட்ரஜனைச் செலுத்துவது ஏன்?

17,300 கன மீட்டர் நிரப்ப வேண்டும். நிரப்பும் கப்பல் 7,500 கன மீட்டர்தான் கொள்ளும். அது எத்தனை முறை வர வேண்டும்?

உங்கள் வீட்டில் உள்ளது சிலிண்டர் கேஸா, குழாய் கேஸா? கசிந்தால் அது எந்தப் பக்கம் போகும்? வீட்டில் உள்ளவர்களிடம் பேசிப் பாருங்கள்.