சிகிச்சைக் காலத்திலும் எழுத்தோடு உறவு

நீண்ட சிகிச்சையினால் பள்ளிக்குச் செல்ல இயலாத தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு, விடுபட்ட பாடங்களைப் பின்னர் ஈடுசெய்துவிடலாம். வாசிக்கும் பழக்கம் அறுபடாமல் காப்பதே இப்போதைய தேவை. அதற்கு நாள்தோறும் பத்து நிமிடங்கள் ஒதுக்கினால் போதும்.

வாசித்தல்: குழந்தை களைத்திருக்கும் நாளில் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். வரியின்கீழ் விரலை நகர்த்திச் செல்லுங்கள். ஒலியும் எழுத்தும் குழந்தையின் மனத்தில் இணையும்.

சொல்லமைத்தல்: தமிழ் எழுத்துகள் 247 எனினும் அனைத்தையும் ஒருங்கே கற்பிக்க வேண்டியதில்லை. ப, ட, ம ஆகியவற்றோடு ட், ம் சேர்ந்தாலே படம், மடம், பட்டம், மட்டம் எனச் சொற்கள் பிறக்கும். துணைக்காலைச் சேர்த்தால் பாடம், மாடம் கிடைக்கும். இவற்றைச் சிறு அட்டைகளில் எழுதிக்கொடுத்தால், குழந்தை படுக்கையில் இருந்தபடியே மாற்றி மாற்றி அடுக்கும்.

எழுதுதல்: சில மருந்துகளால் விரல்கள் மரத்துப்போகலாம். அந்நாள்களில் எழுத வற்புறுத்தாதீர்கள். குழந்தை சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி, அதனையே வாசிக்கச் செய்யுங்கள். தன் சொற்களாதலால் வாசிப்பது எளிதாகும்.

பிழை திருத்துதல்: ல, ழ, ள மயக்கம் இயல்பானது. ஒரு நாளில் ஒரு பிழையை மட்டும், சரியான சொல்லை அருகில் எழுதிக் காட்டித் திருத்துங்கள்.

நன்கு வாசித்து வந்த குழந்தை திடீரெனத் தடுமாறினாலோ, எழுத்துகள் மங்கலாகத் தெரிவதாகக் கூறினாலோ, சோம்பல் எனக் கடிந்துகொள்ளாதீர்கள். பார்வையிலோ நரம்புகளிலோ ஏற்பட்ட பாதிப்பின் அறிகுறியாக அது இருக்கலாம். தாமதமின்றி மருத்துவரிடம் தெரிவியுங்கள்.