எண்ணெய்க்கு எந்த ஊர்?

போன மாதம் நம் சங்கத்தில் பட்டிமன்றம் முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, பரீதாபாத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் தம்பி என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், 2025 ஜூலையில் பிரிட்டனோடு வணிக ஒப்பந்தம் போட்டார்களே, அதனால் எங்களுக்கு வேலை கூடுமா, இல்லை இருக்கிற வேலையும் போய்விடுமா?" என்று கேட்டார்.

நான் பொருளாதாரம் படித்தவன் அல்லன். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, கடைசிப் பத்து வருஷம் வாங்கும் சாமான்களைச் சோதிக்கும் வேலையில் இருந்தவன். அங்கே ஒரு முறை 'உள்நாட்டுத் தயாரிப்பு' என்று வந்த பேரிங் பெட்டி ஒன்றைத் திறந்தேன். வளையத்தில் இருந்த முத்திரையைத் தேய்த்து எடுத்துவிட்டு, மேலே வேறு முத்திரை குத்தியிருந்தார்கள். பெட்டியையும் ஸ்டிக்கரையும் தவிர அந்தச் சப்ளையர் எதையும் செய்யவில்லை. லாட் முழுவதையும் திருப்பி அனுப்பினோம். 'எங்கே செய்தது?' என்ற கேள்வி அன்று முதல் என்னை விடவில்லை. வணிக ஒப்பந்தங்களிலும் வேலைவாய்ப்பைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்தக் கேள்விதான்.

தடையற்ற வணிக ஒப்பந்தம் என்றால், இரு நாடுகளும் ஒன்றின் பொருளுக்கு மற்றொன்று சுங்கவரியைக் குறைப்பது அல்லது நீக்குவது. அப்படியானால், எது அந்த நாட்டின் பொருள்? இதைச் சொல்லும் பகுதிக்கு 'ரூல்ஸ் ஆஃப் ஒரிஜின்' என்று பெயர். நாம் பிறப்பிட விதி என்று வைத்துக்கொள்வோம். பத்திரிகைகளில் வரிக்குறைப்புதான் தலைப்புச் செய்தியாக வரும். இந்த விதி எங்கோ பின்னிணைப்பில் கிடக்கும்.

இந்தியாவும் இலங்கையும் 1998 டிசம்பரில் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறப்பிட விதியில் இரண்டு சோதனைகள். ஒன்று, மூன்றாம் நாட்டிலிருந்து வந்த மூலப்பொருளின் மதிப்பு, ஏற்றுமதி விலையில் 65 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதாவது 35 சதவீதம் இலங்கையில் கூட்டப்பட்டதாக இருக்க வேண்டும். இரண்டு, சுங்கப் பட்டியலின் நான்கிலக்கத் தலைப்பு மாற வேண்டும். பாமாயிலின் தலைப்பு 1511. அதையே ஹைட்ரஜன் ஏற்றி வனஸ்பதி ஆக்கினால் 1516. தலைப்பு மாறிவிட்டது. இரண்டாம் சோதனையில் பாஸ்!

முதல் சோதனைக்கு வருவோம். கணக்கு எளிதாக இருக்க எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். பாமாயில் வெளிச்சந்தையில் 100 ரூபாய். இந்தியாவில் அதற்கு 75 ரூபாய் வரி, இலங்கையில் வரியே இல்லை என்று கொள்வோம். வனஸ்பதி ஆக்கும் செலவு இரு இடத்திலும் 15 ரூபாய். பஞ்சாபில் உள்ள ஆலைக்கு அடக்கவிலை 190. இலங்கை ஆலைக்கு 115. இலங்கைக்காரர் 160க்கு விற்கிறார். மூலப்பொருள் 100, விற்பனை 160. ஆகவே இலங்கையில் கூட்டிய மதிப்பு 60, அதாவது 37.5 சதவீதம். 35ஐத் தாண்டியாயிற்று. ஆனால் அந்த அறுபதில் உழைப்பும் எரிபொருளும் 15தான். மீதி 45, நம் சுங்கவரி உண்டாக்கிய உயர்ந்த விலையில் கிடைத்த லாபம். நம் வரியே அவர்களின் 'கூட்டிய மதிப்பு' ஆகிவிடுகிறது. இதை முதல் தடவை போட்டுப் பார்த்தபோது எங்கோ தப்பு என்று நினைத்து மறுபடியும் போட்டேன். தப்பு இல்லை.

இப்படித்தான் நடந்தது. இலங்கையில் வனஸ்பதி ஆலைகள் முளைத்தன. முதல் போட்டவர்களில் இந்தியர்களே உண்டு. நம் வட மாநில ஆலைகள் கூக்குரலிட்டன. தாமிரத்திலும் இதே கதை. 2006இல் வனஸ்பதிக்கு ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் என்று உச்சவரம்பு வைக்கப்பட்டது. விலைவாசி ஏறியதால் 2008 ஏப்ரலில் இந்தியா கச்சா சமையல் எண்ணெய் மீதிருந்த வரியையே நீக்கியது. வரி வித்தியாசம் போயிற்று. இலங்கை ஆலைகளுக்கும் பிழைப்பு இல்லாமல் போயிற்று. முதலில் இங்கே வேலை போனது, பிறகு அங்கே போனது. முதலாளி மெஷினை விற்றுவிட்டு வேறு தொழிலுக்குப் போயிருப்பார். பாய்லர் பார்த்தவர் எங்கே போவார்?

பழங்கதை என்று தள்ள முடியாது. 2024 செப்டம்பரில் கச்சா சமையல் எண்ணெய்க்கு மீண்டும் 20 சதவீத அடிப்படை வரி போட்டார்கள். உடனே நேபாளத்திலிருந்து சோயா எண்ணெய் வரியின்றிக் குவியத் தொடங்கியது. அங்கே அவ்வளவு சோயா எங்கே விளைகிறது என்று யாரைக் கேட்பது?

இன்னொரு வகைக் கோளாறு தாய்லாந்து ஒப்பந்தத்தில் நேர்ந்தது. 2004 செப்டம்பர் முதல் 82 பொருள்களுக்கு வரி குறைந்து, இரண்டே வருஷத்தில் பூஜ்யம் ஆயிற்று. அதில் கலர் டி.வி. படக்குழாயும் ஒன்று. ஆனால் படக்குழாய் செய்ய இங்கே இறக்குமதியான பாகங்களுக்கு வரி நீடித்தது. முழுப் பொருளுக்கு வரி இல்லை, உதிரிக்கு வரி உண்டு என்றால் எவன் இங்கே செய்வான்? என் பக்கத்து வீட்டுக்காரர் படக்குழாய் ஆலை ஒன்றில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தவர். ஆலை முதலில் ஒரு ஷிப்டாகச் சுருங்கியது, பிறகு மூடியது. எல்லாப் பழியையும் ஒப்பந்தத்தின் மேல் போடுவது நியாயமில்லை, தட்டை டி.வி. வந்து படக்குழாயையே ஒழித்துவிட்டது. ஆனால் புதிய தொழிலுக்கு மாற அந்த ஆலைகளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய நாலைந்து வருஷம் கிடைக்கவில்லை என்பார் அவர். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

வெளிநாட்டுப் பொருள் வந்தாலே கெடுதல் என்பது என் கட்சி அல்ல. 2000இல் ஜெர்மனியிலிருந்து 24 எல்.எச்.பி. ரயில் பெட்டிகள் முழுதாக வந்தன. ஆனால் வரைபடமும் பயிற்சியும் கூடவே வந்தன. அடுத்தவற்றைக் கபூர்தலாவில் நம்மவர்கள் கட்டினார்கள். இன்று பெரம்பூரிலும் கட்டுகிறார்கள்.

2020 செப்டம்பரிலிருந்து, சலுகை வரியில் இறக்குமதி செய்பவர் அந்தப் பொருள் எப்படி, எங்கே உருவானது என்ற விவரத்தைத் தாமே வைத்திருந்து, சுங்க அதிகாரி கேட்டால் காட்ட வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அதுவரை அந்நாட்டுச் சான்றிதழ் ஒன்றே பெரும்பாலும் போதும் என்றிருந்தது. என் பேரிங் பெட்டியைத் திறந்து பார்த்த மாதிரிதான் இதுவும். பார்க்க ஆள் வேண்டும்.

பரீதாபாத் தம்பியிடம் மூன்று விஷயம் கேட்டேன். உங்கள் ஆலை செய்யும் பாகத்தின் சுங்க எண் என்ன? அதற்கு வாங்கும் எஃகுக்கு நாம் எவ்வளவு வரி கட்டுகிறோம்? அந்த எண்ணுக்குப் பிரிட்டன் ஒப்பந்தத்தின் பிறப்பிட விதி என்ன சொல்கிறது? ஒன்றுக்கும் அவரிடம் பதில் இல்லை. எக்ஸ்போர்ட் செக்ஷனில் கேட்டு அடுத்த கூட்டத்துக்கு எழுதிக்கொண்டு வருகிறேன் என்றார். கால்குலேட்டரோடு நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.