பஸ்ஸுக்குப் பெயிண்ட் அடிக்கலாம் வாங்க – கம்ப்யூட்டர் விளையாட்டில்!



ஓசூர் பஸ் ஸ்டாண்டில் தமிழ்நாட்டு பஸ்ஸும் கர்நாடக பஸ்ஸும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்திருப்பீங்க. ரெண்டுக்கும் அடியில் இருப்பது அசோக் லேலண்ட் அடிச்சட்டமாகவே இருக்கலாம் (அந்தத் தொழிற்சாலை 1980 முதல் நம்ம ஓசூரில் இயங்குகிறது). ஆனாலும் பெயிண்டைப் பார்த்ததுமே எது எந்த மாநில வண்டி என்று சொல்லிவிடுகிறோம். கம்ப்யூட்டர் விளையாட்டிலும் இதே கதைதான்!

டெக்ஸ்ச்சர் என்றால் என்ன?
விளையாட்டில் வரும் பஸ், ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன முக்கோணங்களால் ஆன வெறும் உருவம். அதன்மேல் ஒட்டப்படும் படம்தான் டெக்ஸ்ச்சர். படத்தின் எந்த இடம் பஸ்ஸின் எந்த இடத்தில் ஒட்ட வேண்டும் என்பதை ஒவ்வொரு முனைக்கும் உள்ள யு, வி என்ற இரண்டு எண்கள் சொல்லும். எக்ஸ், ஒய், இசட் மூன்றும் உருவத்துக்கே செலவாகிவிட்டதால் இந்தப் பெயர்!

2017-ல் இந்தோனேசியாவின் மலேயோ நிறுவனம் வெளியிட்ட ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’வில் நாமே படம் வரைந்து பஸ்ஸுக்குப் போடலாம். அதற்கு ‘லிவரி’ என்று பெயர். நம்ம ஊர் பஸ் அந்த விளையாட்டில் ஓடுவது இப்படித்தான்.

கவனிக்க வேண்டியவை
1. முதலில் அசல் படத்துக்கு ஒரு காப்பி எடுத்து வையுங்க.
2. படத்தின் அளவை மாற்றாதீங்க. 2048 × 2048 என்றால் 41,94,304 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகும் தன்மை என 4 பைட். அப்படியே விரித்தால் நினைவகத்தில் 16 எம்.பி. பிடிக்கும். 1024 × 1024 ஆக்கினால் 4 எம்.பி. போதும், ஆனால் எழுத்து மங்கும். தூரத்து பஸ்ஸுக்கு 1024, 512, 256 என்று பாதி பாதியாகக் குறைத்த படம் பயன்படும். 2-இன் அடுக்கு எண்களாக இருப்பது அதற்கு வசதி.
3. பி.என்.ஜி. ஆகவே சேமியுங்க. ஜே.பி.ஜி.யில் ஒளிபுகும் தன்மை கிடையாது. நான் அப்படிச் சேமித்து ஜன்னல் கண்ணாடியெல்லாம் கறுப்பாகிப் போச்சு!
4. சில பஸ்களில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே படம்தான். அப்போது ஒரு பக்கம் ‘ஓசூர்’ சரியாகத் தெரியும், மறுபக்கம் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பித் தெரியும்.

இது ஏமாற்று வேலையா?
பஸ் பெயிண்டை மாற்றினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் 1999-ல் வந்த கவுன்டர் ஸ்ட்ரைக் போன்ற ஆன்லைன் சண்டை விளையாட்டில், சிலர் சுவர்ப் படத்தைக் கண்ணாடி மாதிரி மாற்றி, பின்னால் ஒளிந்திருப்பவரைப் பார்த்துவிடுவார்கள். நம் படத்தை வரைவது நம் கம்ப்யூட்டர்தான். எதிராளி எங்கே என்ற தகவலை மட்டும் சர்வர் அனுப்புகிறது. அதனால்தான் இந்தத் திருட்டு முடிகிறது. இதைத் தடுக்க, கோப்பிலிருந்து கணக்கிட்ட ஒரு எண்ணை சர்வர் சரிபார்க்கும். ஒரு புள்ளியின் நிறம் மாறினாலும் அந்த எண் மாறிவிடும்; மாட்டிக்கொள்வோம்!

நான் செய்த தப்பு
நானும் ஒரு தப்பு செய்தேன். யாரோ வரைந்த லிவரியை டவுன்லோடு செய்து, நிறத்தை மட்டும் மாற்றினேன். ஓரத்தில் வரைந்தவர் பெயர் இருந்தது. அதை அழித்து என் பெயரை எழுதி நண்பர்களுக்குக் கொடுத்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். அசலைப் பார்த்திருந்த ஒருத்தன் மட்டும், “டேய், இதை நீயாடா வரைஞ்ச?” என்று கேட்டான். பதில் சொல்ல வாய் வரவில்லை. பரீட்சையில் பார்த்து எழுதி மார்க் வாங்கின மாதிரி இருந்தது. அன்றைக்கே அவர் பெயரைத் திரும்ப எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன். இப்போது வெற்றுப் படத்திலிருந்து நானே வரைகிறேன். அவ்வளவு அழகாக வரவில்லை. ஆனால் ஓரத்தில் என் பெயர் எழுதக் கை கூசவில்லை.

செய்து பாருங்க!
காலி பற்பசை அட்டைப்பெட்டியின் ஒட்டைப் பிரித்து உள்பக்கம் மேலே வரும்படி தட்டையாக விரியுங்க. அதில் பஸ்ஸின் முன்பக்கம், பின்பக்கம், கூரை, ஜன்னல் வரைந்து, படம் வெளியே தெரியும்படி திரும்ப மடித்து ஒட்டுங்க. கம்ப்யூட்டரே இல்லாமல் டெக்ஸ்ச்சர் பாடம் முடிந்தது!

– 10-ஆம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு