நாக்கு எப்படிச் சுவை அறிகிறது?

மும்பை தாராவியில் பொழுது விடியும் முன்பே இட்லிப் பானைகளில் ஆவி பறக்கும். வெந்த இட்லியும் வடையும் சட்னியும் சைக்கிளில் ஏறும். வியாபாரிகள் நகரத்தின் பல பக்கமும் புறப்படுவார்கள். அதற்கு முன் வீட்டுப் பெண்கள் சட்னியைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். உப்புக் கூடினால் அன்றைய வியாபாரம் கெட்டது!

அந்த ஒரு துளிச் சட்னி நாக்கில் என்ன செய்கிறது?

கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டிப் பாருங்கள். மேலே சிறு சிறு புடைப்புகள் தெரியும். இவற்றில் பலவற்றில் சுவை அரும்புகள் உள்ளன. அவை கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. ஒருவர் வாயில் சில ஆயிரம் அரும்புகள் இருக்கும். உணவு எச்சிலில் கரைகிறது. கரைந்தது அரும்புக்குள் போகிறது. அங்கிருந்து நரம்பு மூளைக்குச் சேதி கொண்டுபோகிறது. "இது உப்பு" என்று மூளை அறிகிறது.

எச்சில் இல்லாவிட்டால் சுவை இல்லை. நாக்கைச் சுத்தமான துணியால் நன்றாகத் துடையுங்கள். ஒரு சிட்டிகை சர்க்கரை வையுங்கள். உடனே இனிக்காது. எச்சில் ஊறிய பிறகுதான் இனிக்கும்.

நாக்கின் நுனியில் இனிப்பு, பின்னால் கசப்பு என்று பள்ளிப் புத்தகங்களில் படம் போட்டிருந்தார்கள். அது சரியல்ல. 1901-இல் ஜெர்மனியில் ஒருவர் செய்த ஆராய்ச்சியைப் பின்னால் வந்தவர்கள் தவறாகப் புரிந்துகொண்டார்கள். அரும்புகள் உள்ள எந்த இடத்திலும் எல்லாச் சுவையும் தெரியும். நுனி நாக்கில் உப்பை வைத்துப் பாருங்கள். கரிக்கிறதா, இல்லையா?

மூக்கும் நாக்குக்குத் துணை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏலக்காய் மிட்டாயைச் சப்புங்கள். வெறும் இனிப்புத்தான் தெரியும். கையை எடுத்ததும் ஏலக்காய் தெரியும். சளி பிடித்தால் குழம்பு சப்பென்று இருப்பது இதனால்தான். கொரோனா வந்தபோது பலருக்கு மணமும் ருசியும் போயின. 2020 ஜூன் மாதம் மத்திய அரசு இதையும் நோயின் அறிகுறிகளில் சேர்த்தது.

நம் பெரியவர்கள் அறுசுவை என்றார்கள். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, காரம், துவர்ப்பு. இவற்றில் முதல் நான்கையும் சுவை அரும்புகள் அறிகின்றன. ஐந்தாவதாக ஒன்றை ஜப்பானில் இக்கேடா என்பவர் 1908-இல் கண்டறிந்தார். அதற்கு உமாமி என்று பெயர். தக்காளியிலும் கருவாட்டிலும் அந்த ருசி உண்டு.

அப்படியானால் காரம்? மிளகாய் அரைத்த கை எரிகிறதே, கையில் சுவை அரும்பா இருக்கிறது? காரம் சுவையல்ல, எரிச்சல். கொதிக்கும் டீ பட்டால் சூட்டை உணரும் நரம்பு முனைகள் உண்டு. மிளகாய் அவற்றையே தூண்டுகிறது. அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997-இல் இதைக் கண்டுபிடித்தனர். 2021-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. காரச் சட்னிக்குப் பிறகு சுடச்சுட டீ குடித்தால் இன்னும் எரிவது ஏன் என்று இப்போது புரியும். மிளகாயின் காரம் தண்ணீரில் சரியாகக் கரையாது. தயிர் சாப்பிட்டால் அடங்கும்.

துவர்ப்பின் கதை வேறு. தாராவியில் ஒரு காலத்தில் தோல் பதனிடும் தொழில் பெரிதாக நடந்தது. தமிழ்நாட்டிலிருந்து போன பலர் அதில் வேலை செய்தார்கள். கடுக்காய், ஆவாரம்பட்டை ஊறிய நீரில் தோலைப் போடுவது பழைய முறை. அவற்றில் உள்ள துவர்ப்புப் பொருள் தோலில் உள்ள புரதத்தைப் பிடித்து இறுக்கும். தோல் அழுகாமல் கெட்டிப்படும்.

வாழைப்பூவைப் பச்சையாக மென்றாலும் இதுதான் நடக்கிறது. எச்சிலில் உள்ள புரதத்தைத் துவர்ப்பு பிடித்துக்கொள்கிறது. வழுவழுப்புப் போய் நாக்கு இழுத்த மாதிரி ஆகிறது. வாழைப்பூவால் கெடுதல் இல்லை. சிறிது நேரத்தில் சரியாகிவிடும்.

பாக்கு அப்படியல்ல. அதில் துவர்ப்போடு வேறு பொருள்களும் உண்டு. நாள்தோறும் மென்றால் கன்னத்தின் உட்புறம் மெல்ல மெல்ல இறுகும். முதலில் காரம் பட்டால் தாங்க முடியாத எரிச்சல் வரும். பிறகு வாய் முழுதாகத் திறக்காது. சிலருக்கு இது புற்றுநோயாக மாறும். புகையிலை சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். இரண்டும் கலந்த குட்காவை மகாராஷ்டிர அரசு 2012-இல் தடை செய்தது. புகையிலை கலக்காத வெறும் பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்துள்ளது.

நடுவில் உள்ள மூன்று விரல்களைச் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக வருமாறு முன்பற்களுக்கு இடையே நிறுத்திப் பாருங்கள். மூன்றும் நுழையவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டு வாரமாகியும் ஆறாத வாய்ப்புண் இருந்தாலும் காட்ட வேண்டும். தாராவிக்குப் பக்கத்தில் மாநகராட்சியின் சயான் மருத்துவமனை இருக்கிறது. பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனை 1941 முதல் புற்றுநோய்க்கென்றே நடக்கிறது.