கணக்கில் வராத அத்தை

பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு மாணவி

எண்களைக் கூட்டக் கற்றுத்தரும் கல்வி, எண்ணப்படாதவர்களைப் பற்றியும் கவலைப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 2.68 கோடிப் பேர். அவர்களுள் ஆண்கள் 1.50 கோடி, பெண்கள் 1.18 கோடி. பெண்களுக்கு ஊனம் குறைவாகவா வருகிறது? வேலையிடத்து விபத்துகள் ஆண்களை மிகுதியாகத் தாக்குவது ஒரு காரணமாகலாம். மற்றொரு காரணத்தை என் வீட்டிலேயே கண்டேன்.

எங்கள் வீடு பாகூர்ப் பகுதியில் உள்ளது. இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய என் அத்தை விடியுமுன் எழுந்து மாவரைப்பார். மாட்டுக்குத் தீனி வைப்பார். நான் சிறுமியாக இருந்தபோது கணக்கெடுக்க ஒருவர் வந்தார். "ஊனமுற்றோர் உண்டா?" என்றார். "இல்லை" என்றார் தாத்தா. சின்ன அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அடுப்படியில் இருந்த அத்தையை யாரும் கேட்கவில்லை.

மறைத்த வீட்டில் சான்றிதழ் வாங்குவார் இல்லை. சான்றிதழ் இன்றேல் உதவித்தொகையும் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அதன் 4ஆம் பிரிவு பெண்களின் சம உரிமையைத் தனியே வலியுறுத்துகிறது. வீட்டார் வாய் திறவாவிடில் சட்டம் என்ன செய்யும்?

ஆகவே, நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு வில்லியனூர், பாகூர்ச் சிற்றூர்களுக்குச் செல்லும் தோழர்களே! குடும்பத் தலைவரிடம் மட்டும் கேட்டுத் திரும்பாதீர்கள். பெண்ணிடமே, தனியாக, "நடக்க, பார்க்க, கேட்கச் சிரமம் உண்டா?" என்று கேளுங்கள்.

என் அத்தையிடம் நான் கேட்டேன். "எங்கிட்டயே வந்து கேட்டது நீதாம்மா" என்றார். சான்றிதழுக்கு இப்போது இருவரும் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.