உழைப்பின் பாரத்தை நாடியில் அளத்தல்

கட்டட வேலையில் ஒருவர் எவ்வளவு உழைத்தார் என்பதை நாம் வேலையைக் கொண்டே கணக்கிடுகிறோம். எத்தனை கல் வைத்தார், எத்தனை தாச்சி கலவை சுமந்தார் என்று பார்க்கிறோம். அந்த வேலை அவருடைய உடலிலிருந்து எவ்வளவை எடுத்தது என்று எவரும் அளப்பதில்லை. பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891இல் விடுத்த சுற்றுமடலில், ஓய்வின் அளவு வேலையின் தன்மையையும், காலத்தையும் இடத்தையும், தொழிலாளியின் பலத்தையும் பொறுத்தது என்று கூறியுள்ளார். அந்தப் பலத்தை அளப்பதற்குச் செக்கன்முள் உள்ள ஒரு கைக்கடிகாரமே போதும்.

வேலை கடினமாக ஆக, இருதயம் வேகமாகத் துடிக்கும். காலையில் வேலைக்கு முன் பத்து நிமிடம் அமர்ந்திருந்தபின் நாடியை எண்ணுங்கள். இது ஓய்வுநாடி. மணிக்கட்டில் சுட்டுவிரலையும் நடுவிரலையும் வையுங்கள். பெருவிரல் வேண்டாம், அதன் துடிப்பே நம்மை ஏமாற்றிவிடும். வேலையின் நடுவே ஒரு கணம் நிறுத்தி, உடனே 15 செக்கன் எண்ணி நான்கால் பெருக்குங்கள். தாமதித்தால் நாடி இறங்கிவிடும்.

இனி ஓர் உதாரணம். 220இலிருந்து வயதைக் கழித்தால் ஒருவரின் உச்சநாடி ஏறத்தாழக் கிடைக்கும். 25 வயது இளைஞருக்கு அது 195, 50 வயதுத் தாய்க்கு 170. இருவரின் ஓய்வுநாடியும் 70 என்றும், கலவை சுமக்கையில் இருவருக்கும் 110 என்றும் கொள்வோம். இளைஞர் தம்மிடமுள்ள 125இல் 40ஐச் செலவிடுகிறார். அது மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைவு. தாய் 100இல் 40ஐச் செலவிடுகிறார். எட்டுமணி நேர வேலைக்கு மூன்றில் ஒரு பங்கே எல்லை என்பது பொதுவான கணிப்பு. ஒரே நாடி, ஒரே தாச்சி. ஆனால் தாய் எல்லையைத் தாண்டிவிட்டார்.

2010இன் பின் வடக்கில் வந்த வீட்டுத்திட்டங்களில் பல குடும்பங்கள் தாமே சல்லி சுமந்து, தண்ணீர் அள்ளி வீடு கட்டின. கணவனை இழந்த பெண்களும் அவர்களுள் இருந்தனர். அந்த உழைப்பை மதிப்பீட்டுத்தாளில் 'பயனாளி பங்களிப்பு' என்று ஒரு வரியில் எழுதி முடித்தோம்.

மற்றொரு சோதனையும் உண்டு. வேலையை நிறுத்தி அமர்ந்தபின், முதலாம் நிமிடத்தின் கடைசி 30 செக்கனும் மூன்றாம் நிமிடத்தின் கடைசி 30 செக்கனும் எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். முதல் எண் 110ஐத் தாண்டாமலும், மூன்றாம் நிமிடத்தில் பத்தாவது குறைந்தும் இருந்தால் உடல் ஈடுகொடுக்கிறது எனலாம். அதே வேலைக்குப் பிற்பகலில் முதல் எண் ஏறிக்கொண்டே போனால் களைப்புச் சேர்கிறது. வெயிலும் இதில் அடங்கும். உடலைக் குளிர்விக்கவும் இருதயமே இரத்தத்தைத் தோலுக்கு அனுப்ப வேண்டியுள்ளது. அப்படியானால் தாச்சியை அரைவாசியாக நிரப்பலாம், ஆட்களை மாற்றிமாற்றி விடலாம். நீண்ட ஓய்வு ஒன்றைவிடச் சிறு ஓய்வுகள் பல நல்லவை.

அதெனொலோல் போன்ற இரத்த அழுத்தக் குளிசை எடுப்பவர்களின் நாடி தாழ்ந்தே இருக்கும். அவர்களுக்கு இக்கணக்குப் பொருந்தாது. முதுகெலும்பின் பாரத்தையும் நாடி சொல்லாது. 50 கிலோ சீமெந்துப் பையை ஒருமுறை தூக்குவதில் நாடி அதிகம் ஏறாமலே முள்ளந்தண்டு பழுதாகலாம்.

எண்களை எழுதும் கொப்பி தொழிலாளர் குழுவிடமே இருக்கட்டும். ஒப்பந்தகாரர் கைக்குப் போனால், மறுநாள் வேலைக்கு வரவேண்டாம் என்று முதலில் சொல்லப்படுவது அந்த 50 வயதுத் தாய்க்குத்தான். அவரிடம் பேசப் போகும்போது பெயர்களை விட்டு, எந்த வேலை, எந்த நேரம், எத்தனை பேர் எல்லை தாண்டினர் என்பதை மட்டும் கொண்டு போங்கள்.