சந்தேகத்தை வைத்துக்கொண்டு தனியாக நிற்காதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

வார்டில் மற்ற சிஸ்டர்களுக்கு இருக்கும் வேகம் உனக்கு இன்னும் வரவில்லை என்று கவலைப்பட்டு எழுதியிருந்தாய். இந்த முதல் வருஷத்தில் வேகத்தைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். ஊசி போடுவதும், ட்ரிப்ஸ் மாற்றுவதும், கேஸ் ஷீட் எழுதிக்கொண்டே அடுத்த பெட்டைக் கவனிப்பதும் கை பழகப் பழக வந்துவிடும். பழக்கத்தில் தானாக வராதது ஒன்று உண்டு. சந்தேகம் தட்டிய அந்த நிமிஷமே கையை நிறுத்தி, பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுக் கேட்பதுதான் அது. வருஷம் ஏற ஏறக் கேட்பதற்கு வெட்கமும் ஏறும். அதனால் இப்போதே அதைப் பிடித்துக்கொள் என்கிறேன்.

‘தப்பான டோஸ் என்று தெரிந்தால் நான் கொடுக்கவே மாட்டேனே’ என்று உனக்குத் தோன்றும். எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். 1966-ல் சார்லஸ் ஹாஃப்லிங் என்ற மனநல மருத்துவரும் அவர் குழுவினரும் அமெரிக்காவில் செய்த ஆய்வு ஒன்றின் முடிவுகளை வெளியிட்டார்கள். வார்டில் தனியாக டியூட்டி பார்த்துக்கொண்டிருந்த நர்சுக்கு, முன்பின் அறியாத ஒரு டாக்டரிடமிருந்து போன் வரும். ஒரு நோயாளிக்குக் குறிப்பிட்ட மருந்தை 20 மில்லிகிராம் கொடுக்கச் சொல்வார். ஒரு நாளைக்கு அதிகபட்சம் 10 மில்லிகிராம்தான் என்று மருந்துப் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும். போனில் சொன்னதை வைத்து மருந்து கொடுக்கக் கூடாது என்பது அந்த ஆஸ்பத்திரியின் விதி. அப்படியிருந்தும் 22 நர்சுகளில் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு நோயாளியிடம் புறப்பட்டுவிட்டார்கள். பெட்டியில் இருந்தது வெறும் குளுக்கோஸ், வழியிலேயே தடுத்தும் விட்டார்கள். இதே நிலைமையைத் தாளில் எழுதி நர்சிங் மாணவிகள் 21 பேரிடம் கொடுத்தபோது, ஒருவர் பாக்கியில்லாமல் கொடுக்க மாட்டோம் என்றார்கள். தாளில் பதில் எழுதுகிறவளுக்கு அவசரமும் இல்லை, அதட்டும் குரலும் இல்லை. வார்டில் நிற்பவளுக்கு இரண்டும் உண்டு. வார்டில் நின்றவர்கள் மருந்தை எடுத்தது அறிவு குறைந்து போனதால் அல்ல, பாப்பா. தெரிந்த விஷயம்கூட அந்த நிமிஷத்தில் கைகொடுக்கவில்லை.

அதற்காக மனிதர்களே அப்படித்தான் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். 1977-ல் ராங்க், ஜேக்கப்சன் என்ற இருவர் இதே போன்ற ஆய்வை வேறு விதமாகச் செய்தார்கள். இந்த முறை எல்லோருக்கும் பழக்கமான வேலியம் மருந்து. டோஸ் மட்டும் அளவு மீறியது. முக்கியமாக, நர்சுகள் சக நர்சுகளோடு பேசிக்கொள்ள வாய்ப்பிருந்தது. 18 பேரில் இரண்டே பேர்தான் சொன்னபடி கொடுக்கத் தயாரானார்கள். இடைப்பட்ட பதினோரு வருஷத்தில் நர்சுகளின் நிலையும் மாறியிருக்கலாம் என்பது நியாயமான வாதம்தான். ஆனாலும் மருந்தைப் பற்றிய பரிச்சயமும், ‘அக்கா, இந்த டோஸ் சரியா?’ என்று கேட்க ஓர் ஆள் இருந்ததும் சேர்ந்துதான் நோயாளியைக் காத்தன என்று நான் நம்புகிறேன். முதல் வருஷத்தில் முதலாவது உன்னிடம் குறைவாகத்தான் இருக்கும். இரண்டாவதை நீயே உண்டாக்கிக்கொள்ளலாம்.

நம் ஊர் வார்டில் நாள்தோறும் கையில் வரும் இன்சுலினையே எடுத்துக்கொள். ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள வயலும் நம்மிடம் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. 40-க்கான சிரிஞ்சுக்கு மூடி சிவப்பு, 100-க்கானதற்கு ஆரஞ்சு. இரவு மூன்று மணிக்கு ட்யூப்லைட் வெளிச்சத்தில் இந்த இரண்டு நிறத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் தெரியும் என்று நீயே பார். 100 யூனிட் மருந்தை 40 சிரிஞ்சில் ஏற்றினால் நோயாளிக்கு இரண்டரை மடங்கு போய்விடும். விடிவதற்குள் சர்க்கரை இறங்கி நினைவு தப்பிவிடலாம். பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூல் இன்னும் மோசம். பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். கலக்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். இந்த இரண்டையும் எவ்வளவு சீனியரானாலும் இன்னொரு ஜோடிக் கண்ணுக்குக் காட்டாமல் கொடுக்கக் கூடாது.

கேட்டால் ‘காலேஜில் என்னதான் படித்தாய்?’ என்று திட்டுகிறார்களே என்பாய். திட்டுவார்கள், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அது அவர்கள் தப்பு, அதற்காக நீ குறுகிப்போக வேண்டியதில்லை. 1984-ல் பாட்ரிசியா பென்னர் என்ற நர்சிங் ஆய்வாளர், நர்சுகள் எப்படித் தேர்ச்சி பெறுகிறார்கள் என்பதை ஐந்து படிகளாகப் பிரித்து எழுதினார். படித்து முடித்துப் புதிதாக வேலைக்கு வருகிறவர் அதில் இரண்டாவது படியில் இருக்கிறார். ஒரே மாதிரியான பிரிவில் இரண்டு மூன்று வருஷம் வேலை பார்த்த பிறகுதான் மூன்றாவது படி. எது அவசரம், எது காத்திருக்கலாம் என்று பிரித்துப் பார்க்கும் கண் உனக்கு இன்னும் திறக்காதது இயல்பு. அதற்காகத்தான் சீனியர் என்று ஒருவர் அதே ஷிஃப்டில் இருக்கிறார்.

‘நாற்பது பெட்டுக்கு இரண்டு பேர் நிற்கிறோம், கேட்க ஏது நேரம்?’ என்ற கேள்விதான் உண்மையிலேயே கனமானது. ஆள் பற்றாக்குறை நோயாளியின் உயிரோடு சம்பந்தப்பட்டது. லிண்டா எய்க்கன் என்ற ஆய்வாளரின் குழுவினர் அமெரிக்காவின் பென்சில்வேனியா ஆஸ்பத்திரிகளில் ஆராய்ந்து 2002-ல் வெளியிட்ட கணக்குப்படி, ஒரு நர்சின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம் அறுவை சிகிச்சை நோயாளிகள் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. இதைச் சரிசெய்ய வேண்டியது நிர்வாகமும் அரசும்தான். நீ கேள்வி கேட்பதால் அந்தச் சுமை குறையாது. ஆனால் சுமை கூடிய வார்டில்தான் தவறு நடக்கும், அங்கேதான் கேள்வி அதிகம் தேவை. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள். மருந்து லோடு பண்ணிக்கொண்டிருக்கும் சிஸ்டரிடம் போய் எதையும் கேட்காதே. சிட்னியில் இரண்டு ஆஸ்பத்திரிகளில் செய்த ஆய்வில், ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் மருந்துத் தவறு 12 சதவீதத்துக்கு மேல் கூடியதைக் கண்டார்கள். அவசரமில்லாத கேள்விகளைச் சின்ன நோட்டில் குறித்துவைத்து, டியூட்டி மாற்றி ஓவர் கொடுக்கும்போதோ ரவுண்ட்ஸ் முடிந்தோ கேள். இந்த நோயாளி, இந்த மருந்து, இப்போதே கொடுக்க வேண்டும் என்றால் மட்டும் யாரையும் கூப்பிடத் தயங்காதே.

டாக்டரையே எப்படிக் கேள்வி கேட்பது என்று கேட்டிருந்தாய். சண்டை போட வேண்டியதில்லை. போனில் சொன்னதை உடனே எழுதி, எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டு. ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் போனில் ஒரே மாதிரி கேட்கும், அதனால் ‘ஒன், ஃபைவ்’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லு. ‘சார், வழக்கமான டோஸைவிட அதிகமாகத் தெரிகிறது, ஒரு தடவை உறுதிப்படுத்துங்கள்’ என்று கேட்டால் மரியாதையும் கெடாது, வேலையும் நடக்கும். அவர் நேரில் வந்ததும் கேஸ் ஷீட்டில் கையெழுத்து வாங்கிவிடு. அப்படியும் மனசு ஒப்பவில்லை என்றால் மருந்தைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு இன்சார்ஜ் சிஸ்டரிடமோ, இரவானால் சூப்பர்வைசரிடமோ சொல்லு. யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னாய், அவர் என்ன பதில் சொன்னார் என்பதை உன் பெயரோடு நர்ஸ் நோட்ஸில் எழுது. எழுதும்போது கை நடுங்கினால் நடுங்கட்டும், எழுதிவிடு.

அன்புடன்,
உன் பெரியம்மா